சில்க் கவுனுக்கான போட்டி நடப்பது கோர்ட்டில் அல்ல

கேள்வி: "சில்க் தொடரின் முதல் சீசனைப் பார்த்து முடித்தேன். பிரிட்டிஷ் பாரிஸ்டர்கள் உண்மையிலேயே ஒரு பட்டத்துக்காக இப்படி அடித்துக்கொள்வார்களா? கோர்ட் காட்சிகள் எவ்வளவு நிஜம்? ஒரு கிளார்க் எல்லோரையும் ஆட்டிவைப்பது எனக்கு நம்பும்படியாக இல்லை. இதே மாதிரி வேறு என்ன பார்க்கலாம்?"

உங்களால் நம்ப முடியாத அந்த கிளார்க் பில்லி லாம்ப்தான், என்னைக் கேட்டால், தொடரிலேயே உண்மைக்கு மிக நெருக்கமான ஆள். தொடரின் நாயகியான பாரிஸ்டர் மார்த்தா காஸ்டெல்லோ ஜூரிமுன் பேசும் பேச்சுகளில் வேண்டுமானால் கொஞ்சம் மசாலா இருக்கலாம். பில்லியிடம் அது குறைவு. தொடரை எழுதிய பீட்டர் மொஃபட் முன்பு பாரிஸ்டராகவே தொழில் செய்தவர். அவருக்குத் தெரிந்த ரகசியம் இதுதான்: பாரிஸ்டரின் உயர்வும் தாழ்வும் பெரும்பாலும் கோர்ட்டுக்கு வெளியே, கிளார்க்குகள் உட்காரும் அறையில் முடிவாகிறது. 2011 முதல் 2014 வரை பிபிசி ஒன்றில் வந்த மூன்று சீசன்களும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் ஓடுகின்றன.

ஏன் அப்படி என்று புரிய, அங்கே தொழில் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் வக்கீல்கள் இரண்டு வகை. கட்சிக்காரர் முதலில் போவது சொலிசிட்டரிடம். அவர் ஆவணங்களைத் திரட்டி, வழக்கைத் தயார்செய்து, பெரிய கோர்ட்டில் நின்று பேச ஒரு பாரிஸ்டரை அமர்த்துவார். அந்தப் பொறுப்பை ஒப்படைக்கும் கட்டுக்குத்தான் பிரீஃப் என்று பெயர். பாரிஸ்டர் யாருக்கும் ஊழியர் கிடையாது. ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தொழில் செய்பவர். வாடகை, கிளார்க், நூலகம் எல்லாவற்றுக்கும் சேர்ந்து செலவழித்துக்கொள்ள வசதியாக ஒரே கூரையின் கீழ் கூடியிருப்பார்கள். அதுதான் சேம்பர்ஸ். சட்ட நிறுவனம் அல்ல என்பதால், ஒரே சேம்பர்ஸில் இருக்கும் இரண்டு பேர் ஒரே வழக்கில் எதிரெதிராக நிற்கலாம். மார்த்தாவும் கிளைவ் ரீடரும் ஷூ லேன் சேம்பர்ஸில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்துகொண்டு கோர்ட்டில் மோதுவது கதைக்காகச் செய்த வசதி என்று நினைத்திருப்பீர்கள். இல்லை, அது வழக்கமான விஷயம். இன்றைக்கு அரசுத் தரப்பில் நின்றவர் அடுத்த வாரம் குற்றஞ்சாட்டப்பட்டவர் தரப்பில் நிற்பதும் அப்படித்தான்.

சரி, இந்தத் தனித்தனி ஆட்களுக்கு வேலை எப்படி வருகிறது? சொலிசிட்டர் போன் செய்வது கிளார்க்குக்கு. இங்கே நம்மூர் வக்கீல் குமாஸ்தாவை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். சேம்பர்ஸின் சீனியர் கிளார்க் என்பவர் கிட்டத்தட்ட சினிமா நடிகர்களுக்கு கால்ஷீட் பார்க்கும் மேனேஜர். யாருக்கு எந்த வழக்கு, எவ்வளவு ஃபீஸ், எந்தத் தேதி என்று பேசி முடிப்பது அவர். பழைய முறையில் பாரிஸ்டர்களின் வருமானத்தில் குறிப்பிட்ட சதவீதம் அவருக்கு. அதனால் ஒரு காலத்தில் சீனியர் கிளார்க் தன்னிடம் இருக்கும் பல பாரிஸ்டர்களைவிட அதிகம் சம்பாதித்ததுண்டு. இப்போது பல இடங்களில் சம்பளத்துக்கு மாறிவிட்டார்கள். பெரும்பாலும் உழைக்கும் வர்க்கக் குடும்பத்துப் பையன்கள், பள்ளி முடித்த கையோடு எடுபிடியாகச் சேர்ந்து மேலே வந்தவர்கள். ஆக்ஸ்ஃபோர்டில் படித்த பாரிஸ்டரை மரியாதையாக "சார்", "மிஸ்" என்று கூப்பிடுவார்கள்; அவரோ கிளார்க்கைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஆனால் அந்த "சார்" நாளைக்கு எங்கே போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கிளார்க். வர்க்க வித்தியாசத்தை இவ்வளவு தலைகீழாகப் போட்டு வைத்திருக்கும் தொழில் பிரிட்டனிலேயே குறைவு. நீல் ஸ்டூக் பில்லியாக நடிக்கும்போது அந்தக் குழைவிலேயே ஒரு அதிகாரம் தெரியும், கவனித்தீர்களா?

சாயங்கால நேரத்தில் கிளார்க் அறையைக் கவனித்துப் பாருங்கள். கோர்ட்டுகளின் மறுநாள் பட்டியல் முந்தைய நாள் பிற்பகலில்தான் உறுதியாகும். இரண்டு நாளில் முடிய வேண்டிய விசாரணை நான்காம் நாளுக்கு இழுத்திருக்கும். அதில் மாட்டிக்கொண்ட பாரிஸ்டருக்கு நாளைக்கு வேறொரு ஊரில் வேறொரு வழக்கு. ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்க முடியாதே. அந்த இரண்டாவது பிரீஃப் "ரிட்டர்ன்" ஆகிவிடும், அதாவது இன்னொருவர் கைக்குப் போக வேண்டும். யார் கைக்கு? மாலை ஐந்து மணிக்கு கிளார்க் தலையைத் தூக்கி, அறைக்குள் தயங்கி நிற்கும் இளம் முகங்களைப் பார்ப்பார். அந்த ஒரு பார்வையில் ஒருவருடைய வாழ்க்கை திரும்பிவிடும். ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்து, காலையில் ரயிலேறி, முன்பின் பார்த்திராத கட்சிக்காரரை கோர்ட்டுக்குக் கீழே உள்ள லாக்கப்பில் சந்தித்து, பத்தரை மணிக்கு எழுந்து நின்று பேச வேண்டும். நன்றாகச் செய்தால் அந்த சொலிசிட்டர் அடுத்த முறை பெயர் சொல்லிக் கேட்பார். இளம் பாரிஸ்டர் முன்னேறுவது பெரும்பாலும் இப்படி மற்றவர் விட்ட பிரீஃபில்தான். அதனால்தான் எல்லோரும் பில்லியைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். பிபிசி ரேடியோ 4 இந்தத் தொடரிலிருந்து கிளை பிரித்துத் தனி நாடகம் செய்தபோது எடுத்துக்கொண்டதும் கிளார்க் அறையைத்தான்.

இனி அந்தப் பட்டம். பாரிஸ்டராகச் சேர்ந்தவர் எல்லோரும் ஜூனியர்தான். அறுபது வயதானாலும், தலை நரைத்தாலும் ஜூனியர். அதைத் தாண்டி மேலே போக ஒரே வழி, அரசரின் பெயரால் தரப்படும் கிங்ஸ் கவுன்சல் என்ற நியமனம். எலிசபெத் ராணி 2022 செப்டம்பர் 8 அன்று இறக்கும்வரை அது குயின்ஸ் கவுன்சல். அன்றே எல்லா கியூ.சி.க்களும் கே.சி. ஆகிவிட்டார்கள். ஜூனியர்கள் சாதாரணத் துணி கவுன் போடுவார்கள், இவர்களுக்குப் பட்டு. அதனால் பேச்சுவழக்கில் நியமனமும் சில்க், நியமனம் பெற்றவரும் சில்க். பாரிஸ்டர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் இந்த நிலையை எட்டுகிறார். இலங்கை வாசகர்களுக்கு இது புதிதாக இருக்காது. தந்தை செல்வாவையும் ஜி.ஜி. பொன்னம்பலத்தையும் பெரியவர்கள் பெயருக்குப் பின்னால் கியூ.சி. போட்டே குறிப்பிடுவார்கள், இன்று அங்கே அதே இடத்தில் இருப்பது ஜனாதிபதி சட்டத்தரணி. இந்தியாவில் 1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி மூத்த வழக்கறிஞர் என்று தகுதி தருகிறார்கள்.

பழைய காலத்தில் சில்க் யாருக்கு என்பதை, நீதித்துறையைக் கவனிக்கும் அமைச்சரான லார்ட் சான்சலர் முடிவுசெய்வார். நீதிபதிகளிடமும் பெரிய வக்கீல்களிடமும் காதோடு காதாக விசாரிப்பார்கள். யார் என்ன சொன்னார் என்று விண்ணப்பித்தவருக்குத் தெரியாது. இந்த முறைமீது ஏகப்பட்ட விமர்சனம் வந்து, 2003-ல் நியமனத்தையே நிறுத்திவைத்தார்கள். அதன்பின் தனித் தேர்வுக் குழு அமைத்து, 2006-ல் புது முறையில் முதல் பட்டியல் வந்தது. இப்போது விண்ணப்பிக்கிறவர் தான் நடத்திய முக்கியமான பன்னிரண்டு வழக்குகளைப் பட்டியலிட வேண்டும். அவற்றில் இருந்த நீதிபதிகள், எதிர்த்து வாதாடியவர்கள், சொலிசிட்டர்கள் ஆகியோரிடம் குழு கருத்துக் கேட்கும். பிறகு நேர்காணல். விண்ணப்பக் கட்டணமே பெரிய தொகை, கிடைத்தால் அதற்கு மேல் இன்னொரு கட்டணம். ஆண்டுக்கு நூறு பேரை ஒட்டித்தான் தேறுகிறார்கள்.

இங்கேதான் மார்த்தா, கிளைவ் கதையின் கூர்மை இருக்கிறது. பட்டியலில் போட நல்ல வழக்கு வேண்டும். நல்ல வழக்கு வர கிளார்க் மனது வைக்க வேண்டும். எதிரில் வாதாடியவரே உங்களைப் பற்றி நாளைக்குக் கருத்துச் சொல்லப்போகிறவர். ஆகவே விட்டுக்கொடுக்கவும் முடியாது, பகைத்துக்கொள்ளவும் முடியாது. வட இங்கிலாந்து உச்சரிப்போடு வந்த மார்த்தாவுக்கும், பணமும் பழக்கவழக்கமும் பிறவியிலேயே வாய்த்த கிளைவுக்கும் ஒரே ஆண்டில் போட்டி வைத்ததில் மொஃபட்டின் கணக்கு தெரிகிறது. கடைசியில் பட்டு மார்த்தாவுக்குப் போகிறது, கிளைவுக்கு இல்லை. மார்த்தாவாக வரும் மாக்ஸின் பீக், கிளைவாக வரும் ரூபர்ட் பென்றி-ஜோன்ஸ் இருவருமே அந்தக் கட்டத்தில் சத்தம் போடாமல் நடித்திருப்பது எனக்குப் பிடித்தது.

சில்க் கிடைத்தால் எல்லாம் ஜெயம் என்றும் எண்ண வேண்டாம். ஃபீஸ் ஏறிவிடும், சின்ன வழக்குகள் நின்றுவிடும். குற்ற வழக்கில் அரசு நிதியில் சில்க் ஒருவரை அமர்த்த நீதிபதியின் அனுமதி தேவை. கொலை போன்ற கனமான வழக்குகளுக்குத்தான் அது கிடைக்கும். ஜூனியராக இருந்தபோது தினமும் வேலை இருந்தவர், பட்டு வந்தபின் மாதக்கணக்கில் போனையே பார்த்துக்கொண்டிருந்த கதைகள் அந்தத் தொழிலில் நிறைய உண்டு. மறுபடியும் கிளார்க் தயவு.

பெண்களுக்கு இந்தப் படி இன்னும் செங்குத்து. 1919-ல் சட்டம் மாறியபின், 1922-ல்தான் இங்கிலாந்தில் முதல் பெண் பாரிஸ்டர்கள் வந்தார்கள். அங்கே முதலில் சில்க் ஆன பெண்கள் ஹெலனா நார்மன்டனும் ரோஸ் ஹைல்பிரனும், ஆண்டு 1949. லிவர்பூல்காரரான ஹைல்பிரன் பின்னர் 1972-ல் லண்டனின் பெரிய குற்றவியல் நீதிமன்றமான ஓல்ட் பெய்லியில் நீதிபதியாக அமர்ந்த முதல் பெண்ணும் ஆனார். மார்த்தாவின் கதாபாத்திரத்தில் அவருடைய நிழல் இருக்கிறதா என்று கேட்டால், திட்டமிட்டு வைத்தார்களோ இல்லையோ, வடக்கிலிருந்து வந்து லண்டனில் பெயர் வாங்கும் பெண் என்பது அந்தத் தொழிலின் நினைவில் ஏற்கெனவே இருக்கும் உருவம்.

கோர்ட் காட்சிகள் நிஜமா என்ற கேள்விக்கு வருகிறேன். அமெரிக்கத் தொடர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு முதலில் இடிப்பது அமைதிதான். பிரிட்டிஷ் நீதிபதி மர சுத்தியல் தட்டுவதில்லை. பாரிஸ்டர் நடந்து போய் சாட்சிக் கூண்டின்மேல் சாய்ந்து பேச முடியாது, தன் வரிசையில் நின்ற இடத்திலேயே நின்றுதான் கேட்க வேண்டும். "அப்ஜெக்‌ஷன்!" என்று கத்துவதும் கிடையாது, எழுந்து நின்றாலே போதும், எதிர்ப் பக்கம் உட்கார்ந்துவிடும். "இவர் நிரபராதி என்று நான் நம்புகிறேன்" என்று பாரிஸ்டர் தன் சொந்த நம்பிக்கையை ஜூரியிடம் சொல்லவே கூடாது. தொலைக்காட்சியில் அடிக்கடி மீறப்படும் விதி இது. சாட்சிக்கு முன்கூட்டியே பதில் சொல்லிக்கொடுத்துப் பயிற்சி அளிப்பதும் தடை. 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. துப்பறியக் கிளம்பும் பாரிஸ்டரைத் திரையில் பார்த்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம்.

இன்னொரு விதி உண்டு, நாடகக்காரர்களுக்கு அது தங்கச் சுரங்கம். வாடகை வண்டி ஸ்டாண்டில் முதலில் நிற்கும் வண்டி வருகிற சவாரியை ஏற்றியாக வேண்டும் இல்லையா, அந்த மாதிரி பாரிஸ்டரும் தன் துறையில் வரும் வழக்கை, கட்சிக்காரரைப் பிடிக்கவில்லை என்பதற்காக மறுக்கக் கூடாது. அந்த ஸ்டாண்டின் பெயரையே விதிக்கும் வைத்திருக்கிறார்கள். "இப்படிப்பட்டவனுக்கு எப்படி வாதாடினாய்" என்று வெளியில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விக்கு அவர்களுடைய பதில் இதுதான். கட்சிக்காரர் "நான்தான் செய்தேன்" என்று ஒப்புக்கொண்டுவிட்டால்? அப்போதும் அரசுத் தரப்பின் ஆதாரத்தைக் குடைந்து, "இது போதாது" என்று சொல்லலாம். "அவர் செய்யவில்லை" என்று ஜோடிக்கத்தான் கூடாது. மார்த்தா தினமும் நடப்பது இந்த மெல்லிய கோட்டின்மேல்.

இவ்வளவு நாடகங்கள் வந்ததற்கு ஒரு எளிய காரணமும் இருக்கிறது. 1925-ம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தில் கோர்ட்டுக்குள் படம் எடுப்பதையே தடைசெய்தது. குற்ற வழக்குகளை விசாரிக்கும் கிரவுன் கோர்ட்டில் கேமரா நுழைந்தது 2022-ல்தான், அதுவும் நீதிபதி தண்டனையை வாசிக்கும் பகுதிக்கு மட்டும். ஆகவே பொது மக்களில் பெரும்பாலோர் குறுக்கு விசாரணை என்று பார்த்ததெல்லாம் நடிகர்கள் செய்ததுதான். 1972 முதல் 1984 வரை கிரனாடா நிறுவனம் பகல் நேரத்தில் ஒளிபரப்பிய கிரவுன் கோர்ட் தொடரில், கற்பனை வழக்குக்கு உண்மையான பொதுமக்களையே ஜூரியாக உட்காரவைத்து அவர்கள் சொல்லும் தீர்ப்பையே கதையின் முடிவாக வைத்தார்கள். நடிகர்களுக்கே முடிவு தெரியாது. அந்த யோசனைக்கு ஈடாக இன்னொன்று அப்புறம் வரவில்லை என்பது என் கருத்து.

பணத்தைப் பற்றித்தான் இந்தத் தொடர்கள் கொஞ்சம் மழுப்புகின்றன. வணிக வழக்கு பாரிஸ்டர்கள் கொழிக்கிறார்கள், உண்மை. குற்ற வழக்கு எடுப்பவர்கள் அரசின் சட்ட உதவி நிதியை நம்பி இருப்பவர்கள். அது பல ஆண்டுகளாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. 2014 ஜனவரியில் அவர்கள் வரலாற்றிலேயே முதல்முறையாக அரை நாள் வேலையைப் புறக்கணித்தார்கள். சில்க்கின் கடைசி சீசன் ஒளிபரப்பானதும் அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான். 2022-ல் நிலைமை முற்றி, செப்டம்பரிலிருந்து காலவரையற்ற வேலைநிறுத்தமே நடந்தது. 15 சதவீத உயர்வோடு அக்டோபரில் முடித்துக்கொண்டார்கள். முதல் மூன்று ஆண்டுகளில் குற்ற வழக்கு ஜூனியருக்குச் செலவுபோக ஆண்டுக்கு 12,200 பவுண்டு அளவில்தான் மிஞ்சுகிறது என்று அவர்கள் சங்கம் அப்போது சொன்னது. தலையில் குதிரை முடி விக், பையில் ரயில் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. பட்டுக்கு இவ்வளவு பறப்பதன் பின்னால் கௌரவம் மட்டும் இல்லை என்பதை இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

அடுத்து என்ன பார்ப்பது? நேராக நார்த் ஸ்குவேருக்குப் போங்கள். 2000-ல் சேனல் 4-ல் வந்தது, லீட்ஸ் நகரத்து சேம்பர்ஸ் பற்றியது, எழுதியவர் இதே மொஃபட். ஒரே சீசனோடு நின்றுபோனது அநியாயம். பில்லி லாம்ப்பின் அண்ணன் மாதிரி ஒரு கிளார்க் அதில் உண்டு: ஃபில் டேவிஸ் நடித்த பீட்டர் மெக்லீஷ். பில்லியிடம் இருக்கும் பாசம் இவரிடம் கிடையாது. நாளைக்கு வேலை தரக்கூடிய சொலிசிட்டரை எப்படி வளைப்பது, யாரை யாருக்கு எதிராகத் திருப்புவது என்று அவர் போடும் கணக்குகளைப் பார்த்தால் வாதாடுவதெல்லாம் சின்ன வேலையாகத் தெரியும். இளவயது ரூபர்ட் பென்றி-ஜோன்ஸும் அதில் இருக்கிறார்.

ஆசையே இல்லாத பாரிஸ்டரைப் பார்க்க வேண்டுமென்றால் ரம்போல் ஆஃப் தி பெய்லி. ஜான் மார்டிமர் எழுதியது. அவரே தொழிலில் இருந்த கியூ.சி. லியோ மக்கெர்ன் நடித்த ஹோரஸ் ரம்போல் அழுக்கு கவுன், மலிவான ஒயின், சுருட்டுச் சாம்பல் சகிதம் கிழட்டு ஜூனியராகவே காலம் தள்ளுவார். எப்போதும் குற்றஞ்சாட்டப்பட்டவர் பக்கம்தான் நிற்பார், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லவே மாட்டார், இளவயதில் தனியாளாக ஜெயித்த ஒரே ஒரு கொலை வழக்கைச் சொல்லிச் சொல்லியே மற்றவர்களைக் களைப்பாக்குவார். பட்டுக்கு ஏங்குவது சுற்றியிருப்பவர்களும், சேம்பர்ஸின் முன்னாள் தலைவருக்கு மகளாகப் பிறந்த அவர் மனைவி ஹில்டாவும்தான். அதே சேம்பர்ஸில் புதிதாக வந்து சேரும் ஃபிலிடா டிரான்ட், ஒவ்வொரு படியாக ஏறி சில்க் ஆகி, பிறகு நீதிபதியாகவும் ஆகிவிடுவார். தொடரை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டால் அந்தப் பெண்ணின் பயணம் கண்ணில் படாமல் போய்விடும். 1978 முதல் 1992 வரை வந்த தொடர். செட் அட்டை மாதிரி ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காவனா கியூ.சி. (1995 முதல்) தொடரை நடிகர் ஜான் தாவுக்காகப் பார்க்கலாம். சில்க் ஆனபின் ஒரு ஆள் எப்படி இருப்பார் என்பதற்கு அதுதான் சரியான படம். ஜட்ஜ் ஜான் டீட் வேண்டாம். பொழுதுபோகும், சட்டம் போகும். 2013-ல் வந்த தி எஸ்கேப் ஆர்ட்டிஸ்ட்டில் ஒரு வழக்கில்கூடத் தோற்காத ஜூனியராக டேவிட் டெனன்ட். விடுதலையான கட்சிக்காரருக்குக் கை கொடுக்காமல் போவதிலிருந்து விபரீதம் தொடங்குகிறது. கடைசிப் பகுதி நம்ப முடியாதது, முதல் இரண்டும் அருமை. பட்டெல்லாம் எட்டாத தூரத்தில் இருக்கும் பயிற்சிப் பாரிஸ்டர்கள் சேம்பர்ஸில் ஓர் இடத்துக்காகப் போட்டிபோடுவதைச் சிரித்துக்கொண்டே பார்க்க 2019-ன் டிஃபெண்டிங் தி கில்ட்டி இருக்கிறது.

வரலாறு பிடிக்குமென்றால் கேரோஸ் லாவை விடாதீர்கள். 18-ம் நூற்றாண்டு ஓல்ட் பெய்லியில் வாதாடிய வில்லியம் கேரோ நிஜ மனிதர். அந்தக் காலத்தில் கொலை போன்ற பெருங்குற்ற வழக்குகளில் குற்றஞ்சாட்டப்பட்டவரின் வக்கீல் ஜூரியிடம் நேரடியாகப் பேசவே முடியாது. அந்த உரிமை 1836-ல்தான் வந்தது. அதனால் அவர் சொல்ல நினைத்ததையெல்லாம் சாட்சியிடம் கேள்வியாகக் கேட்டே சொன்னார். குறுக்கு விசாரணை ஒரு கலையாக உருவானதற்கு இந்தத் தடையும் ஒரு காரணம். தொடர் பெரும்பாலும் ஏழைகளுக்காகக் கொதிக்கும் இளம் கேரோவைத்தான் காட்டுகிறது. நிஜத்தில் அவர் 1793-ல் சில்க் ஆனார், அரசுத் தரப்பு வழக்குகளுக்கு நகர்ந்தார், 1813-ல் அட்டர்னி ஜெனரலும் ஆனார். அந்தப் பாதியையும் யாராவது எடுத்தால் அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.